இரண்டையும் ஒரே நாளில்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் இரண்டு புற்றுகளையும் ஒரே நாளில், ரோபோ அறுவையில் எடுப்பது ஏன் என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, அம்மா பக்கத்திலேயே இருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மலக்குடல் புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் இன்னொன்று தெரிந்தது. பரவியதல்ல, இரண்டும் தனித்தனிப் புற்றுகள் என்று திசுப் பரிசோதனை உறுதி செய்துவிட்டது. மெதுவாக வளரும் வகை என்றால் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையை அவ்வப்போது பார்த்துக்கொண்டே விட்டுவைத்திருப்பார்கள். என்னுடையது அந்த வகை இல்லை.

"ஒன்றை இப்போது, மற்றதைப் பிறகு" என்கிறாய். நானும் அதையே கேட்டேன். புராஸ்டேட் மலக்குடலுக்கு நேர் முன்னால், மெல்லிய சவ்வு ஒன்றே இடையில் இருக்க, நெருங்கி அமைந்திருக்கிறது. ஒருமுறை அறுத்தால் அங்கே தழும்பு இறுகிவிடும். மறுபடி அதே இடத்தைப் பிரிக்கப் போனால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஆபத்து. இடுப்புக்குள் கதிர்வீச்சையும் முழு அளவில் இருமுறை கொடுப்பது கடினம். பின்னால் தேவைப்படலாம் என்று அதை இப்போது கையிருப்பில் வைத்திருக்கிறார்கள்.

அப்பாவை இயந்திரத்திடம் ஒப்படைப்பதா என்று பதறாதே. ரோபோ தானாக எதையும் வெட்டாது. மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார். வயிற்றுக்குள் இருக்கும் கருவிகள் அதன்படி வளைந்து திரும்பும். கருவிகளுக்கான துளைகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அளவுதான். சிறுநீரக மருத்துவர் புராஸ்டேட்டை எடுத்துவிட்டு எழுந்ததும், குடல் மருத்துவர் அதே இருக்கையில் அமர்ந்து, பெரும்பாலும் அதே துளைகள் வழியாக மலக்குடலை எடுப்பார். ஆண்களின் இடுப்பெலும்புக் கூடு குறுகலானது என்பதால் அங்கே மடங்கும் கருவி வசதி. ஆனால் இது மாயமில்லை. 471 மலக்குடல் புற்று நோயாளிகளைக் கொண்டு ரோபோவையும் மருத்துவர் கையாலேயே கருவிகளைப் பிடித்துச் செய்யும் வழக்கமான துளை அறுவையான லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்வது ரோபோவால் குறைகிறது என்று அதில் உறுதியாகவில்லை. இதை என் மருத்துவரே எடுத்துச் சொன்னார். அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்குக் கவலை தையல்களைப் பற்றித்தான். சிறுநீர்ப்பையை இணைக்கும் தையலும் குடலை இணைக்கும் தையலும் அருகருகே வருகின்றன. கசிந்தால் இரண்டுக்கும் இடையே வழி உண்டாகிவிடலாம். அதைத் தடுக்க வயிற்றிலுள்ள கொழுப்புச் சவ்வை நடுவில் வைக்கப்போகிறார்கள். கொஞ்ச காலம் சிறுகுடலை வெளியே திறந்து, மலம் சேர ஒரு பை மாட்டுவார்கள். சிறுநீர் கசிவு இருக்கும். தாம்பத்தியம் பற்றியும் மருத்துவர் மறைக்கவில்லை. நானும் அம்மாவும் பேசிவிட்டோம். பை மாற்றுவதற்கு அவள் நர்ஸிடம் இப்போதே கற்றுக்கொள்கிறாள். அறுவை நாளன்று ஓடிவந்து வராந்தாவில் நிற்காதே. நான் வீடு திரும்பிய பிறகு வா. அப்போதுதான் அவளுக்குத் துணை வேண்டும்.

இனி உன் விஷயம். பெற்றோருக்கு இந்தக் குடல் புற்று வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலனோஸ்கோப்பி, அதாவது குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். உனக்கு அடுத்த ஆண்டு 40. பி.எஸ்.ஏ. எப்போது பார்க்கலாம் என்பதையும் உன் மருத்துவரிடம் கேள். அங்கே காத்திருப்பு நீளும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இந்த வாரமே பதிவு செய்துவிட்டு, தேதியை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா