கருவிலேயே உழைக்கும் கல்லீரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினைமாட்டுப் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், கன்றின் கல்லீரல் ஈன்ற பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது என்று ஒரு வரி இருந்தது. உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது குடியாத்தத்துக்கு அருகில் நான்கு கறவை மாடுகள் வளர்க்கும் நான் அதை மறுக்க வேண்டியவனாகிறேன்.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். அந்நாட்கள் முழுவதும் கல்லீரல் செல்களில் இருக்கும் மரபணுக்கள் அவையேதான். எது இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டே வருகிறது. சினையின் முற்பகுதியில் கல்லீரலே ரத்த அணுக்களை உண்டாக்கும் இடமாதலால், ஹீமோகுளோபின் தொடர்பான மரபணுக்கள் அங்கே மும்முரமாக இயங்குகின்றன. எலும்பு மஜ்ஜை அப்பொறுப்பை ஏற்க ஏற்க அவை அடங்குகின்றன. கருவுக்கே உரிய ரத்தப் புரதமான ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் குறைந்து, வளர்ந்த உடலின் முக்கிய ரத்தப் புரதமான அல்புமின் மேலோங்குகிறது. உடல் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களில், கருவில் ஓங்கியிருந்த ஐ.ஜி.எஃப்.-2 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-2) விட்ட இடத்தை, பிறந்தபின் வளர்ச்சி ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஐ.ஜி.எஃப்.-1 பிடித்துக்கொள்கிறது. (கருவில் அந்த ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவின் காளைவழிப் பிரதிதான் இயங்குகிறது. சினை ஊசி போடுகையில் எந்தக் காளை என்று கேட்காதவர்கள் கவனிக்க.)

கருவுக்கு வேண்டிய குளுக்கோஸ் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. ஆகவே அதைப் புதிதாகத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் வெகுநாள் மந்தமாக இருந்து, ஈனும் நாள் நெருங்கி, கன்றின் அட்ரீனல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைப் பெருக்கும்போதே எழுச்சி பெறுகின்றன. கட்டுரையாளர் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டார் போலும். குறைமாதக் கன்று தள்ளாடுவதற்கு, முதிராத நுரையீரலோடு இந்த எழுச்சி வருமுன்னரே பிறந்துவிடுவதும் ஒரு காரணம்.

வரி சிறியதுதான், விளைவு சிறியதன்று. எங்கள் பக்கத்தில் சினையின் கடைசி மாதங்களில் பால் வற்றிய மாட்டுக்குப் புண்ணாக்கையும் தவிட்டையும் நிறுத்திவிட்டு, வைக்கோலையும் கடலைக்கொடியையும் மட்டும் போட்டுக் கட்டிவைப்பவர்கள் உண்டு. கரு மிக அதிகமாக எடை கூடுவதும், கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிப்பதும் அந்தக் கடைசி மாதங்களில்தான்.

அடுத்த இதழில் அவ்வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்தோறும் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வருபவர்களில் தங்கள் இதழைப் படித்துவிட்டுத் தீவனக் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.