அந்தச் சனிக்கிழமைகளுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். வகுப்பறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் இந்த மடலை எழுதத் தோன்றியது. ஒரு கல்வியாண்டு முழுக்க, சனிக்கிழமைதோறும் காலையில் 2 மணி நேரம், நம் தேர்வுத் துணை வகுப்பில் 24 பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுந்தவர்கள் நீங்கள். "மதிப்பெண் வந்தபிறகு எழுதலாமே" என்றார் நண்பர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதிப்பெண் எப்படி வந்தாலும், நீங்கள் தவறாமல் வந்து நின்றதற்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், வெளியிலிருந்து வந்து சொல்லித்தந்த வழிகாட்டிகளுக்கு. உங்களில் ஒருவர் செய்த காரியத்தை எல்லோரும் அறிய வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பயிற்சித்தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டுவிடுவான். கேட்டால் "தெரியாது" என்பான். அதற்கு மேல் பேச்சு வராது. அடிப்படையே சரியில்லை என்று நாங்களெல்லாம் முடிவுகட்டியிருந்தோம். அவனுக்கு வழிகாட்டியாக இருந்த அக்கா ஒரு நாள் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. சமன்பாட்டைச் சரியாக எழுதி, இரண்டு படி போட்டு, பிறகு அத்தனையையும் அழித்திருக்கிறான். ஒரு கணக்கில் விடையே இருந்தது. சரியான விடை.

அக்கா அவனைத் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "ரப்பர் இனிமே என்கிட்ட இருக்கட்டும்டா. தப்புன்னு தோணுச்சுன்னா ஒரு கோடு போட்டுட்டுக் கீழே எழுது" என்றார். அவ்வளவுதான். அடுத்த சில வாரங்கள் அவன் தாள் முழுக்கக் கோடுகள். ஆனால் எந்தப் படியில் அவனுக்குச் சந்தேகம் தட்டுகிறது என்பது அப்போதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது கூட்டலா கழித்தலா என்ற இடத்தில்தான் தடுமாறினான். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவனோடு உட்கார்ந்தார் அக்கா. ஆண்டுக் கடைசியில் அவன் வெறுமையாக விட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் சரியா என்றால், இல்லை. எல்லாவற்றையும் எழுதியிருந்தான், எனக்கு அது போதும்.

பாராட்டும் விதத்தைப் பற்றி நாம் தொடக்கத்தில் நிறையப் பேசினோம், நினைவிருக்கும். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வை உங்களில் ஒருவர்தான் எடுத்துச் சொன்னார். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் சறுக்கியதும் எளிதில் சோர்ந்துபோனார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அதைவிட என்னை உலுக்கிய செய்தி வேறு. தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில்தான் அதிகம் பேர் கூட்டி எழுதினார்கள். நம்பிக்கையும் நேர்மையும் தனித்தனிப் பாடம் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. "கெட்டிக்காரி" என்ற சொல் வாய்வரை வந்தும் விழுங்கிக்கொண்டு, "இந்தப் படத்தை மூணு தடவை திருத்தி வரைஞ்சிருக்கியே" என்று பார்த்துப் பார்த்துச் சொன்னீர்களே, அந்தக் கவனத்துக்கு நன்றி.

நற்பண்பு பற்றி யாரும் உரையாற்றவில்லை. ஒரு சனிக்கிழமை நம் அண்ணன் ஒருவர் 20 நிமிடம் தாமதமாக வந்தார். நேரே தன்னுடைய மாணவியிடம் போய், "சொன்ன நேரத்துக்கு வரலை, தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சுக்கோ" என்றார். அந்தப் பெண் திகைத்துப் போனாள். பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் முறையாம். இரண்டு வாரம் கழித்து, தோழியின் குறிப்பேட்டைத் தொலைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அவள் போய் ஒப்புக்கொண்டாள். இரவெல்லாம் உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் எழுதிக் கொடுத்தாள். அண்ணா, இது உங்களுக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தேர்வுக்கான தயாரிப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்கும் பழக்கத்தை நீங்கள் விடாப்பிடியாகக் கொண்டுவந்தீர்கள். பிள்ளைகளுக்கு அது முதலில் பிடிக்கவே இல்லை. திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவைத்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் காட்டியதும் இதுவே. 5 நிமிடம் கழித்துக் கேட்டால், மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அந்த ஒரு வாரம்வரை பிள்ளைகளைப் பொறுக்கவைப்பது லேசான வேலை இல்லை. 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால், மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் போக அரை மணி நேரம் கையில் மிஞ்சும் என்று பலகையில் எழுதிக் காட்டிய அன்று அவர்கள் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன்.

மாதிரித் தேர்வுகளுக்கு முன்னால் வெள்ளைத்தாள் கொடுத்து, மனத்தில் உள்ள பயத்தையெல்லாம் 10 நிமிடம் எழுதச் சொன்னோம். ரமிரெஸ், பைலாக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2011 ஆய்வில் பார்த்த வழி அது. அந்தத் தாள்களை நாம் வாங்கிப் படிக்கவில்லை. அவர்களே கிழித்துப் போட்டார்கள். சிலர் மிகச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தார்கள்.

ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளை எங்களை நம்பி விட்டீர்கள். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். வெளியாள் வந்து என்ன சொல்லித்தருவது என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து வைத்தீர்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்டுவந்த ஓர் அம்மா, "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கத் தொடங்கியதாக அவர் மகள் சொன்னாள். அம்மா, அந்தக் கேள்விக்காகவே அவள் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடுகிறாள்.

காவலாளி ஐயாவுக்குத் தனியே ஒரு வணக்கம். உங்களுக்கு விடுமுறை நாள் அது. ஆனாலும் நாங்கள் வருவதற்குள் கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு வைத்திருப்பீர்கள். ஒரு நாள்கூட நாங்கள் வாசலில் காத்து நின்றதில்லை.

பிள்ளைகளா, கடைசியாக உங்களுக்கு. எங்களுக்குத் தெரியாத கேள்விகளை நீங்கள் கேட்டபோதெல்லாம் "தெரியலை, வா பார்க்கலாம்" என்று சொல்ல எங்களைப் பழக்கினீர்கள். அந்த ரப்பர் இன்னும் அக்காவின் பையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

பெயர் சொல்லாமல் எழுதியதால் யாரையும் மறந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டே எழுதினேன்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
சனிக்கிழமை வகுப்பு ஒருங்கிணைப்பாளர்