முறைப்பாடு: ரீகண்டிஷன் பிரேக் செட்டில் இரண்டும் இடப்பக்கக் கெலிப்பர்

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்களிடம் வாங்கிய சுபாரு எஸ்.டி.ஐ. காருக்கான முன்சக்கர பிரெம்போ பிரேக் செட் பற்றியது இது. பற்றுச்சீட்டின் பிரதியும் படங்களும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் ஆளுக்காள் தள்ளிவிட்டதில் அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறேன்.

டிஸ்க்கை பேட்களால் அழுத்திப் பிடிக்கும் கெலிப்பர் இரண்டு வந்தன, இரண்டும் இடப்பக்கத்துக்குரியவை. ஒன்றை வலப்பக்கம் பூட்டினால் தலைகீழாக நிற்கும், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள்கள் கீழே போகும், காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை போத்தல் பிரேக் ஒயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரித்தான். உங்களுக்குத் தெரியாததா இது? ஆனால் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், “ரெண்டும் ஒன்னுதானே, நிமிர்த்திப் பிடிச்சு காத்தை எடுத்திட்டுப் பூட்டுங்க. தோட்ட ரோட்டுக்கு இது போதும்” என்றார். தோட்ட ரோடாம்! அவரை நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் ஒரு தடவை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றை எடுத்துவிட்டால் பிஸ்டன் வரிசை சரியாகிவிடுமா? டிஸ்க் சுழன்று நுழையும் முனையில் சின்னப் பிஸ்டன், வெளியேறும் முனையில் பெரியது. தலைகீழானால் நுழையும் முனை அதிகம் கடித்து, பேட் சாய்வாகத் தேயும்.

“புது சீல்” என்றீர்கள். திறந்து பார்த்தால் சாதாரண கிரீஸ் பூசியிருக்கிறது. அந்த மினரல் கிரீஸ் பட்டால் சீலின் ஈ.பி.டி.எம். ரப்பர் ஊதும். பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதே அந்த சீல்தான். ஊதினால் பிஸ்டன் திரும்பாது, பேட் உரசிக்கொண்டே சூடேறும். போதாததற்கு, பேட் நகரும் இடத்திலும் பெயின்ட் அடித்து இறுக்கியிருக்கிறீர்கள். டொட் 4 தரப் பிரேக் ஒயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 பாகை செல்சியஸ், ஈரம் இழுத்தபின் 155. எங்கள் பக்கத்து மழையில் ஈரம் சேர எவ்வளவு நாள் வேண்டும்? இறக்கத்தில் ஒயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், அவ்வளவுதான்.

கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அந்த செட்டைத் திருப்பித்தரக் கொழும்புக்குச் சுமந்து வந்தால், ஸ்டோரில் கணக்கெடுப்பு, இன்று எதையும் ஏற்கமாட்டோம் என்று கதவடியிலேயே திருப்பிவிட்டார்கள். முன்தினம் “வாங்க” என்று சொன்னதும் அதே கிளைதான்.

டிஸ்க்கைச் சொல்ல விட்டுவிட்டேன். 326 மில்லிமீற்றர் டிஸ்க், புதிதில் தடிப்பு 30, தேய்ந்து கழித்துப்போடவேண்டிய அளவு 28. மைக்ரோமீற்றரில் ஒன்று 28.3, மற்றது 28.2. கடைசல் போட்டு மினுக்கி “புதிது போல” என்று விற்றிருக்கிறீர்கள். இன்னொரு கடைசலுக்கு இடமில்லை, பழைய இரும்புக்குத்தான் போகும்.

ஏப்ரல் சீசன் வேலை முழுவதும் இதனால் நாசம். எங்கள் கராஜின் பெயரே ஹட்டனில் கெட்டுவிட்டது.

தயவுசெய்து வலப்பக்கக் கெலிப்பர் ஒன்று, இரண்டுக்கும் புது சீல் செட், தடிப்பு 29.5க்குக் குறையாத டிஸ்க் இரண்டு அனுப்புங்கள். முடியாவிட்டால் கூரியர் செலவோடு முழுப் பணம். 14 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு அழைப்பதோடு நிற்காமல், எழுத்திலும் முறையிடுவேன். நல்லபடியாகத் தீர்ப்பீர்கள் என்றுதான் இன்னும் நம்புகிறேன். சீல்களைக் கழற்றியபடியே வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம். ஆனால் அந்தத் தோட்ட ரோட்டு ஆளை மட்டும் அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளர், ஹட்டன்