வாடிக்கு வந்த பிள்ளைக்கும் ஊசி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வந்து திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளில் வாடி எனும் தற்காலிகக் குடிசைகள் அடிக்கும் கடற்றொழிலாளர் குடும்பங்களால் கிளினிக்குகளில் நெரிசல் கூடுகிறது என்றும், ஊராருக்கே முதலிடம் வேண்டும் என்றும் பலர் பேசக் கேட்கிறேன். இம்மாவட்டத்தில், தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் நான். அவர்கள் அதிகமாக வருவதை அல்ல, வரவேண்டிய வேளையில் வராமல் இருப்பதையே சிக்கலாகக் கண்டேன்.

காய்ச்சல், காயம் என்றால் அரச வைத்தியசாலையில் எவரும் இலக்கத் துண்டு எடுத்து மருந்து பெறலாம். தாய் சேய் நலம் அப்படியல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு அது பிரதேச ஒழுங்கிலேயே நடக்கிறது. ஒரு உத்தியோகத்தருக்கு ஒரு பகுதி, அப்பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு பதிவேடு. பிள்ளை பிறந்து முதல் 10 நாட்களுக்குள் வீடு தேடிப் போவதும் அதைப் பார்த்துத்தான். பல தாய்மாரைக் காப்பாற்றிய ஒழுங்கு அது. ஆனால் ஏப்ரலில் வந்து ஒக்டோபரில் திரும்பும் குடும்பத்தின் பெயர் சொந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்க, ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைக்கு 2, 4, 6 மாதங்களில் போடவேண்டிய ஊசிகள் முழுவதும் அந்த ஒரே பருவத்துக்குள் விழக்கூடும்.

ஒருமுறை, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வாடியிலிருந்து வந்தாள். அவளது கர்ப்பப் பதிவு அட்டை சிலாபத்தில் இருந்தது. அதை எடுப்பித்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பியவள் நானேதான். இரத்த அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் போதும், நான் பார்க்கவில்லை. சில வாரங்கழித்து, கால் வீங்கி, தலையிடியோடு நடுச்சாமத்தில் அவளை முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது வாட்டில் இருந்தவர்களின் கெட்டித்தனம், என்னுடையது அல்ல.

அவர்கள் வராமல் இருப்பதற்குப் பாஷை தெரியாதென்பதும் முழுக் காரணமாகாது. நீர்கொழும்பு, சிலாபம் கரையின் வயதானவர்கள் பலர் வீட்டிலே தமிழ் பேசுபவர்கள். அவர்கள் தமிழைக் கேட்டு நம்மவர் சிரிப்பதுதான் அவர்களை வாயடைக்க வைக்கிறது. 1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தவள் என்பதால், “எந்த ஊர்?” என்ற கேள்வி கிளினிக் வாங்கில் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். என் அம்மா துண்டுக்கு நின்றபோது, முன்பின் அறியாத நிலாவெளிப் பெண்ணொருத்தி என் தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அம்மா மாதந்தவறாமல் போனார்.

கரைவலை இழுக்கும் இடமான பாடு யாருக்கு, எந்த வலைக்குத் தடை என்பவை நம் மீனவரின் நியாயமான வழக்குகள்; அவற்றைக் கடற்றொழில் திணைக்களத்தில் தீர்க்கட்டும். அந்தக் கோபத்தைப் பிள்ளையின் ஊசியில் காட்டலாகாது.

பருவம் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களுக்குள், உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வாடிகளுக்குப் போய், வதிவிடக் கடிதம் கேளாமல், தற்காலிகப் பதிவு செய்யவேண்டும் என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்களைத் தேடி அலையத் தேவையில்லை. வலையும் வள்ளமும் வைத்துத் தொழில் நடத்தும் எந்தச் சம்மாட்டியைக் கேட்டாலும் வாடியில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று உடனே சொல்வார். அன்றாடம் அரிசி அளப்பவர் அவர்தானே.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
திருகோணமலை.