தேய்ந்த ஷூ

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்று பரணில் இருந்து உன் ஸ்பைக் ஷூவை எடுத்தேன். பந்தை விடும்போது வலது காலைத் தரையில் இழுப்பாயே, அந்த மூக்கு தேய்ந்து, மேலே தைத்த தோலும் கிழிந்து கிடக்கிறது. கிரிக்கெட் முகாமில் இடுப்பு வலி என்று நீ சொன்னபோது, "பிடிப்புதான், போடு" என்று விடாமல் பந்து போடவைத்தார்கள். ஸ்கேனில் முதுகெலும்புக் கீறல் தெரிந்த அன்று நீ அழவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது பயிற்சியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தும், "பெருசா ஆடாதவன் பேச்சை யார் கேட்பாங்க" என்கிறாய். பரத் அருணைப் பார் கண்ணு. தமிழ்நாட்டுக்கு ஆடியவர். இந்தியாவுக்கு ஆடியது 2 டெஸ்ட், 4 ஒருநாள் ஆட்டம். டெஸ்டில் எடுத்தது 4 விக்கெட், அவ்வளவுதான். ஆனால் 2016-17 ரஞ்சி சீசனில் அவர் ஹைதராபாத் பயிற்சியாளராக இருந்தபோதுதான் வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் 41 விக்கெட் எடுத்தான். 2017 ஜூலையில் அருண் மறுபடியும் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆனார்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன் ஞாபகம் இருக்கிறதா? விடிகாலையில் போர்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பும்ரா இல்லை, ஷமி இல்லை, உமேஷ் இல்லை, எல்லாருக்கும் காயம். சிராஜுக்கு அது மூன்றாவது டெஸ்ட், நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு முதல் டெஸ்ட். 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானம், அங்கேயே நாம் ஜெயித்தோம். இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜ் 5 விக்கெட் எடுத்தபோது நீ கட்டிலில் ஏறிக் குதித்தாய். அந்தப் பையன்களை அந்த இடத்துக்குத் தயார் பண்ணியதில் 4 விக்கெட்காரருக்கும் பங்கு உண்டு.

இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பினால் முறுக்கு முழுக்க அடிமுதுகில் விழும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அன்றைக்கு உன் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க ஆள் இல்லை. இனி வரும் பையன்களுக்கு நீ இருக்கலாம்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. சீட்டு எடுத்தது கையில் இருக்கிறது, திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

அப்புறம், போன மாசம் வந்தபோது எதிர்வீட்டுப் பையனுக்கு முன்கால் எங்கே விழணும் என்று தெருவில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாய் அல்லவா? மழையில் அது அழிந்துவிட்டது. அவன் தினமும் சாயந்திரம் அதே இடத்தில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் ஓடி வருகிறான்.

அன்புடன்,
அப்பா