சாராகடிக்கு அப்பால் ஒரு சீக்கியச் சிப்பாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சாராகடி கட்டுரையைப் படித்தேன். இன்றைய பாகிஸ்தானில், அன்றைய வடமேற்கு எல்லையில் இருந்த சின்ன ராணுவக் காவல் சாவடிதான் சாராகடி. 1897 செப்டம்பர் 12 அன்று அங்கே ஆங்கிலேயருக்காகக் காவல் நின்ற 36ஆவது சீக்கியப் படைப்பிரிவின் 21 பேரும் கடைசிவரை நின்று மடிந்ததை மனம் கலங்கும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் ஆங்கிலேயர் காலத்துச் சீக்கியச் சிப்பாய் என்றாலே அவர் செத்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர் வாழ்ந்த கதையையும் எழுதுங்கள்.

அதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்துவைத்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதவைத்த கடிதங்கள்தான் அதில் நிறைய. வயல், வழக்கு, கல்யாணம் என்று ஊர் விசாரிப்பு ஒருபக்கம். தம்பியைப் பட்டாளத்தில் சேரவிடாதே என்ற கெஞ்சல் மறுபக்கம். கடிதம் பிரிக்கப்படும் என்று தெரிந்ததால் இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையர் படையைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்றால் ஊரில் புரிந்துகொள்வார்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போனவர்கள் இவர்கள்!

காயம்பட்டவர்களுக்காக 1914 கடைசியில் பிரைட்டன் நகரத்து அரண்மனையையே மருத்துவமனை ஆக்கினார்கள். புல்வெளியில் கூடாரம் போட்டுக் குருத்வாரா, மதத்துக்கு ஏற்றபடி தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர்க் குழாய். கவனிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் புண் ஆறியதும் மறுபடி போர்முனைக்கே அனுப்பினார்களே, அதுதான் அவர்களை நொறுக்கியது. கடிதங்களில் அந்தக் குமுறலை அடக்க முடியாமல் கொட்டியிருக்கிறார்கள்.

1915 கடைசியில் காலாட்படையினரில் பெரும்பாலோரை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றினார்கள். அங்கே இறந்தவர்களுக்காக எழுப்பிய பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக விட்டார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், பஞ்சாபில் எந்த ஊரிலிருந்து யார் யார் போனார்கள் என்று எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டு போல முடங்கிக் கிடந்தன. அதில் சுமார் 3,20,000 பேரின் விவரம் இருக்கிறது. 2021 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். சாராகடியை எழுதியவரே இந்தப் பதிவேடுகளையும் கடிதங்களையும் வைத்து ஒரு தொடர் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு