சித்தப்பா சொன்ன கதைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் குறையில்லாமல் முடிந்தது. நீ வர முடியவில்லையே என்று சித்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஸ்கட்டிலிருந்து நீ மதுரையில் இறங்கி பாம்பன் வந்து சேரும்வரை உடம்பை வைத்திருக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். அதை நினைத்து மருகாதே.

அன்றைக்குப் போனில், "சித்தப்பா சொன்ன கதையெல்லாம் நிஜமாப்பா?" என்று கேட்டாயே, பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் சாவு வீட்டைச் சொல்ல வேண்டும். கீழக்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஏர்வாடி, வேதாளையிலிருந்து அவனோடு சங்கு குளித்த கிழவர்கள் வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு கதை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர், "அப்படியில்ல வே, எங்கிட்ட வேற மாதிரில்ல சொன்னான்" என்று மறுத்துப் பேச, எழவு வீடு என்பதே மறந்து சிரிப்பாகிவிட்டது. சங்கு ஊத வந்த பையன் கத்துக்குட்டி. பாதியில் மூச்சு உடைந்து பீப்பீ என்று கத்தியது. ஆயுசு முழுக்கச் சங்கெடுத்தவனுக்கு இப்படி ஒரு ஊதல். எழுந்து உட்கார்ந்து, "கொடுடா இங்க" என்று பிடுங்கியிருப்பான்.

அவன் எப்போதும் தெருவே கேட்கிற மாதிரிப் பேசுவானே, அது சுபாவம் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்திருந்தீர்கள். அது காது, பாப்பா. அந்தக் காலத்தில் குளிக்கப் போகிறவர்களுக்கு சிலிண்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் அலுமினியத் தகட்டை வெட்டிக் கட்டிக்கொள்வார்கள், உந்தி நீந்த. ஐந்து பாகம், ஆறு பாகம் (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்) ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கி, மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை என்று கணக்கே இல்லை. தண்ணீரின் அழுத்தத்தில் வலது காதுச் சவ்வு கிழிந்து சீழ் வைத்தது. அதோடும் ஒரு சீசன் இறங்கினான். ராமநாதபுரத்தில் டாக்டர், "இனி தலையை நனைக்கவே கூடாது" என்ற பிறகுதான் நிறுத்தினான். சின்னப்பிள்ளையில் நீ அவன் மடியில் ஏறி வலது காதில்தான் ரகசியம் சொல்வாய். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, சம்பந்தமே இல்லாமல் ஏதாவது பதில் சொல்வான். சித்தப்பா ஜோக்கடிக்கிறார் என்று நீ உருண்டு சிரிப்பாய். அவனும் திருத்தியதில்லை. ராத்திரியிலும் கூலிங் கிளாஸ் போட்டது மட்டும் முழுக்க ஸ்டைல். அந்த மஞ்சள் சட்டையும் அப்படியே.

வலம்புரிச் சங்கு கதை சுத்தப் பொய். "கையில எடுத்தேன், 'எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, விட்டுருங்க'ன்னுச்சு, பாவம்னு விட்டுட்டேன்" என்பானே, அது. லட்சத்தில் ஒன்று கிடைத்தாலே அதிசயம் என்பார்கள். கிடைத்திருந்தால் அவன் வீட்டுக்கு மாடி இருந்திருக்கும். அவன் எடுத்ததெல்லாம் சாதாரணச் சங்கு. அது கீழக்கரை முதலாளி வழியாக கல்கத்தாவுக்குப் போய் வங்காளத்துப் பெண்கள் கையில் வளையலாகிவிடும்.

பாலம் கதை பாதி நிஜம். 1964 புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன் என்ற என்ஜினீயர் 46 நாளில் அதைச் சரிபண்ணி ரயில் விட்டார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான். கடலில் கிடந்த கர்டர்களைத் தூக்கித் திரும்பப் பொருத்தினார்கள். அந்த வேலை நடந்தபோது ஊர்ப் பையன்கள் நாங்கள் எல்லாம் கரையிலேயேதான் கிடந்தோம். உன் சித்தப்பா ஸ்ரீதரனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வான். வாங்கிக் கொடுத்தது கர்டர் தூக்குகிற யாரோ ஒரு கலாசித் தொழிலாளிக்கு. நான் கூடவே இருந்தேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோதும் கூட்டத்தில் நின்று, "இது தானா மேல தூக்குது, சரி. என் டீயில நின்னது பழசுதான்" என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் அவன் கொஞ்ச காலம் வீட்டில் இல்லை, ஞாபகம் இருக்கிறதா? அக்கரையில் மாப்பிள்ளை விருந்து என்று உங்களிடம் சொன்னான். இடியாப்பமும் சொதியுமாகப் போட்டார்கள் என்றெல்லாம் அளந்தான். குளிப்பை விட்டபின் விசைப்படகில் கூலிக்குப் போனானல்லவா, வடகடலில் எல்லை தாண்டியதாக இலங்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விருந்து அந்த ஊர் ஜெயிலில். திரும்பி வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. ராத்திரி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட விடமாட்டான். சித்தி போட்டால் எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வான். உனக்குப் பரீட்சை என்று நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

இனி ரயில் கதை. புயலில் போன தனுஷ்கோடி ரயிலைத் தான் விட்டுவிட்டதாகச் சொல்வானே, அது. நீங்கள் எல்லோரும் அதைத்தான் பெரிய பொய் என்று நினைத்தீர்கள். அதுதான் கிட்டத்தட்ட நிஜம்.

எங்கள் சின்ன அத்தைக்குப் பிள்ளை இல்லை. தனுஷ்கோடியில் இருந்தாள். மாமா அங்கே ஸ்டேஷனில் போர்ட்டர், கப்பலுக்குப் போகிற சனங்களின் மூட்டை தூக்குவார். உன் சித்தப்பாவை நாலு வயதிலேயே தூக்கிக்கொண்டு போய் வளர்த்தது அத்தைதான். பள்ளிக்கூடமும் அங்கேயே. புயல் அடித்த அந்த டிசம்பரில் லீவுக்குப் பாம்பன் வந்தான். டிசம்பர் 22 சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக மாமா வந்தார். வந்து பார்த்தால் பிள்ளைக்கு அனலாகக் காய்ச்சல். எங்கள் ஆத்தா விடமாட்டேன் என்றாள். "சரி, காய்ச்சல் விடட்டும். நாளைக்கழிச்சு வாரேன்" என்று சொல்லி, அவனுக்கு வாங்கி வந்த பொரி உருண்டையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, ராத்திரி பாசஞ்சரில் மாமா மட்டும் போனார். அந்த ரயில் தனுஷ்கோடியைத் தொடவில்லை. அங்கே வீட்டில் இருந்த அத்தையும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, ஒரு சேலைத் துண்டுகூட.

இவன் அந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வான். ஒரு தடவை, தோசை தீய்ந்துபோனதால் ரயிலை விட்டேன் என்பான். ஒரு தடவை, ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டது என்பான். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது ஆட்டுக் கதை, அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காய்ச்சல் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமா என்ற வார்த்தையே வராது. நானும் திருத்தப் போனதில்லை. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு ரோடு போட்ட பிறகு உங்களை எல்லாம் வேன் பிடித்து அங்கே கூட்டிப்போனோமே, அவன் மட்டும் வரவில்லை. "உப்புத்தண்ணிய என்னத்தப் பாக்க, டெய்லி பாக்குறதுதானே" என்று சொல்லிவிட்டான்.

இன்னொரு காரியம். ராத்திரி ராத்திரியாக உனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவானே, அதில் எதையும் அழித்துவிடாதே. சித்தி போனில் இடமில்லை என்று பக்கத்து வீட்டுப் பையன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். பாவம், அவள் இப்போது அந்தப் போனையே வெறித்துக்கொண்டிருக்கிறாள். நீ எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, நான் அவளுக்கு ஏற்றிக் கொடுக்கிறேன். கெட்ட வார்த்தை இருந்தாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்தே அனுப்பு.

பேரன் ரயில் கதை கேட்டால் ஆட்டுக் கதையையே சொல்.

அடுத்த மாதம் உச்சிப்புளிப் பையன் ஒருவன் மஸ்கட் வருகிறான். நெத்திலிக் கருவாடும் சாயல்குடிக் கருப்பட்டியும் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா